பழைய மோட்டார்ஹோம் வாங்கும்போது முதலில் ஓதத்தைத் தேடுங்கள்

பிரிட்டனில் பதினைந்து, இருபது வருடம் ஓடிய மோட்டார்ஹோம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். மைலேஜ் குறைவு, எஞ்சின் சத்தம் சுத்தம் என்றதும் பாதி மனது அங்கேயே வாங்கிவிடுகிறது. அடியில் இருப்பது ஃபியட் டுகாட்டோ, பெஜோ பாக்ஸர், ஃபோர்டு ட்ரான்சிட் போன்ற சரக்கு வேன்தான். அதன் உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். மேலே கட்டியிருக்கும் வீடு அப்படியல்ல. சுவருக்குள் தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உக்கிவிட்டால், அதைப் பிரித்துக் கட்டும் கூலி பழைய வண்டியின் விலையையே தாண்டிவிடலாம். ஆகவே முதலில் ஓதம், பிறகு எடையும் லைசென்ஸும், அதன் பிறகு எஞ்சின். இந்த வரிசையில் பாருங்கள்.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை

வண்டியின் பதிவு எண்ணை வாங்கி அரசு இணையதளத்தில் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாய வாகனச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். இலவசம். ஒவ்வொரு வருடமும் என்ன குறை எழுதினார்கள், எத்தனை மைல் ஓடியது என்பது வரிசையாக வரும். 'பிரேக் குழாயில் துரு' என்று மூன்று வருடம் தொடர்ந்து எச்சரிக்கை வந்தும் யாரும் மாற்றவில்லை என்றால், அந்த வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஜெர்மன் வண்டிகளில் மீட்டர் கிலோமீட்டரில் ஓடும். எம்ஓடி பதிவில் எந்த அலகு எழுதியிருக்கிறது, விளம்பரத்தில் எந்த அலகு சொல்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள்.

எம்ஓடி பாஸ் என்பது வாகனப் பகுதிக்கு மட்டும். ஓதம், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எதையும் அந்தச் சோதனை பார்ப்பதில்லை. வீட்டுப் பகுதிக்கு 'ஹாபிடேஷன் செக்' என்று தனிச் சோதனை உண்டு. அதன் அறிக்கையில் வண்டியின் படம் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் ஈர அளவு எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு வருட அறிக்கையைவிட, அடுத்தடுத்த மூன்று வருட அறிக்கைகள் கிடைத்தால் பொன். ஒரே மூலையில் 12, 17, 24 என்று ஏறிக்கொண்டே வந்திருந்தால், அங்கே ஒழுக்கு இருக்கிறது, யாரும் அடைக்கவில்லை.

விற்பவரிடம் தொலைபேசியில் மூன்றே விஷயம் கேளுங்கள். நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முந்தின இரவே ஃப்ரிட்ஜை மின்சாரத்தில் போட்டு வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கேஸ் சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். மூன்றுக்கும் தயங்கினால், போகும் பெட்ரோல் செலவு உங்களுக்கு மிச்சம்.

லண்டனில் வசிப்பவர் என்றால் இன்னொன்று. யூலெஸ் என்பது புகை அதிகம் விடும் வண்டிகளிடம் நாள் கட்டணம் வாங்கும் மண்டலம், 2023 ஆகஸ்ட் 29 முதல் அது எல்லா லண்டன் பரோக்களுக்கும் (நகரப் பிரிவுகள்) விரிந்துவிட்டது. டீசல் வண்டி யூரோ 6 தரத்தில் இல்லாவிட்டால், ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. வீட்டு வாசலில் நிற்கும் நாளுக்குக் கட்டணம் இல்லை, தெருவில் இறக்கி ஓட்டினால் உண்டு. 3.5 டன்னுக்கு மேற்பட்ட பழைய டீசல் வண்டிக்கு வேறு திட்டம், கட்டணம் நாளுக்கு 100 பவுண்டிலிருந்து தொடங்கும். வருடத்தில் நாலைந்து பயணம்தான், போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் யூலெஸ் கட்டணம் தாங்கக்கூடியதே. வார இறுதி தவறாமல் கிளம்புகிறவருக்கு அது கையைச் சுடும். லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எந்தக் கட்டணம் என்று உடனே தெரியும்.

ஓதம் தேடும் முறை

கையில் ஒரு ஈரமானி, நல்ல டார்ச், ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், ஏணி. இவ்வளவும் இல்லாமல் போகாதீர்கள். ஈரமானியை முதலில் உட்சுவரின் நடுவில், ஜன்னலுக்கும் மூலைக்கும் தள்ளி இருக்கும் இடத்தில் வைத்து அளவு எடுங்கள். அதுதான் அந்த வண்டிக்கு அடிப்படை அளவு. சுவருக்குப் பின்னால் அலுமினியத் தாளோ உலோகச் சட்டமோ இருந்தால் மீட்டர் பொய்யாக ஏறும், அதனால் ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. 15 சதவீதம் வரை கவலை இல்லை. 15 முதல் 20 வரை என்றால் கவனித்துக்கொள்ள வேண்டிய இடம். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. 30-க்கு மேல் என்றால் உள்ளே மரம் கெட்டிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே அளக்க வேண்டும்? கூரையும் சுவரும் சேரும் விளிம்பு முழுக்க, மேல் அலமாரிகளைத் திறந்து அவற்றின் உள்மூலையில். ஒவ்வொரு ஜன்னலின் கீழ் இரண்டு மூலைகள். கூரை ஜன்னலைச் சுற்றி. டிவி ஆன்டெனா, சோலார் பலகை ஆகியவற்றின் வயர் இறங்கும் இடம். பின்விளக்குகளின் பின்பக்கம். உடை அலமாரியின் அடித்தளம். வெளியே வெயில்மறைப்பு மாட்டிய தண்டவாளத்தின் திருகுகளுக்கு நேர் உட்புறம். கதவின் இரு பக்கமும் கீழே. ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் லூட்டன் வகை என்றால், மெத்தையைத் தூக்கி அதன் முன்மூலைகளைக் கட்டாயம் பாருங்கள். ஓடும்போது காற்றும் மழையும் நேராக மோதும் இடம் அது, சேர்ப்புகளும் அங்கே அதிகம். பழைய வண்டிகளில் முதலில் ஒழுகத் தொடங்கும் இடங்களில் அது முன்னணியில் நிற்கும்.

மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும், கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல சுவர் கல் போல நிற்கும். கெட்ட சுவர் பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். சுவர்த்தாளில் கொப்புளம், அலை அலையான சுருக்கம், தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை, மூலையில் கரும்புள்ளி எல்லாமே தண்ணீரின் தடம். எல்லா இடமும் பழசாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் புதுப் பலகையோ புதுச் சுவர்த்தாளோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். முறையாகப் பழுதுபார்த்தவர் பிரித்தபோது எடுத்த படமும் ரசீதும் காட்டுவார். உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால், எல்லா ஜன்னலையும் பத்து நிமிடம் மூடி வைத்து மறுபடி மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வாசனைக்கு அடியில் ஒளிந்திருக்காது.

பிறகு ஏணி வைத்துக் கூரை. சேர்ப்புகளில் பூசிய மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பத்துப் பதினைந்து வருடத்தில் காய்ந்து, சுருங்கி, வெடிப்பு விடும். அது வயதின் இயல்பு. பிரச்சினை, அதன் மேல் கடைச் சிலிக்கானைத் தாராளமாக அப்பி வைத்திருப்பதுதான். குளியலறைச் சிலிக்கான், ஓடும்போது அதிரும் சேர்ப்பில் நிலைக்காது. அதன் மேல் வேறு பசையும் ஒட்டாது, முழுவதையும் சுரண்டி எடுத்தபின்தான் சரியான வேலை தொடங்க முடியும். அப்பியிருக்கும் இடமே ஒழுக்கு எங்கே என்றும் காட்டிக்கொடுத்துவிடும்.

தரையில் செருப்பில்லாமல் நடங்கள். கதவருகிலும் சமையல் மேடைக்கு முன்னும் குதிகாலால் அழுத்துங்கள். பஞ்சு போல இறங்கி, கிறீச்சிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். இந்தத் தரைகள் ப்ளைவுட், நடுவில் ஃபோம், மறுபடி ப்ளைவுட் என்று ஒட்டியவை. கால்பட்டுக் கால்பட்டு ஒட்டு விட்டிருந்தால், துளையிட்டு எபாக்ஸி பிசின் ஏற்றி எடை வைத்து அழுத்தினால் திரும்ப இறுகும். செலவு அதிகமில்லை. தண்ணீரில் உக்கியிருந்தால் அப்படிச் சரியாகாது. எது என்று அறிய, வண்டிக்கு அடியில் படுத்து அதே இடத்தைக் கீழிருந்து ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பின்சக்கர வளைவுகளுக்குப் பின்னாலும் குத்துங்கள். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் வருடக்கணக்காக அந்த மரத்தைத்தான் நனைத்திருக்கும். முனை சுலபமாக உள்ளே போனால் மரம் போய்விட்டது.

கட்டுமானத்தைப் பொறுத்தும் ஆபத்து மாறும். மரச்சட்டத்தில் பலகை அடித்து, மூலைகளில் அலுமினியப் பட்டி திருகிய வண்டியில் சேர்ப்புகள் அதிகம், ஒழுகும் வாய்ப்பும் அதிகம். ஆட்டோ-ஸ்லீப்பர்ஸ் செய்த ஒற்றை வார்ப்புக் கண்ணாடியிழை உடல் வண்டிகளில் சேர்ப்பு மிகக் குறைவு, வயதானாலும் நன்றாகத் தாங்குகின்றன. தொண்ணூறுகளின் ஹைமர் வண்டிகளில் சுவர் ஃபோமும் அலுமினியமும்தான், சுவருக்குள் உக்க மரச்சட்டம் இல்லை, ஆனால் தரையின் ஓரங்களில் மரம் உண்டு. ஒரே விலையில் இரண்டு வண்டி கிடைத்தால், உள் அலங்காரத்தைப் பார்த்து மயங்காமல் சேர்ப்பு குறைந்ததையே எடுங்கள்.

பார்க்கப் போக நல்ல காலம் மழைக்காலம். நீண்ட வெயிலுக்குப் பிறகு எடுத்த அளவு பழைய ஒழுக்கை மறைக்கும்.

எடையும் லைசென்ஸும்

1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் 3,500 கிலோ வரையுள்ள டீசல் மோட்டார்ஹோமைத்தான் ஓட்டலாம். அதற்கு முன் எடுத்தவர்களுக்கு சி1 (நடுத்தர லாரி வகை லைசென்ஸ்) சேர்ந்தே இருக்கும், 7,500 கிலோ வரை போகலாம். 70 வயதில் அந்த சி1-ஐத் தொடர மருத்துவ அறிக்கை வேண்டும். கணக்கில் வருவது வண்டி இன்று என்ன எடை என்பதல்ல, அதன் தகட்டில் அச்சிட்ட உச்ச எடை. தகடு பானெட்டுக்கு அடியிலோ கதவருகிலோ இருக்கும். மேலே முதல் எண் மொத்த உச்ச எடை, அடுத்தது டிரெய்லரோடு சேர்த்து, பிறகு முன் அச்சு, பின் அச்சு. வீடு கட்டிய நிறுவனம் இரண்டாவது தகடு ஒட்டியிருந்தால் அதுதான் செல்லும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 3,500 கிலோ வண்டி ஒன்று, டீசல் நிரப்பி, ஓட்டுநர் அமர்ந்து எடைமேடையில் 3,180 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 320. கூட வருபவர் 70. தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. நிரம்பிய 6 கிலோ புரொபேன் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30. உடை, படுக்கை, அரிசி பருப்பு, பாத்திரம் 100. தாங்கியோடு இரண்டு சைக்கிள் 45. கூட்டினால் 345, வரம்பு தாண்டியாகிவிட்டது, இன்னும் பிள்ளைகள் ஏறவில்லை. ஆகவே விற்பவரோடு பக்கத்து எடைமேடைக்குப் போய், மொத்தமும் பின் அச்சும் தனித்தனியாக எடுங்கள். பின்னால் தொங்கும் சைக்கிள் தாங்கி நெம்புகோல் போல வேலை செய்து, தன் எடையைவிட அதிக பாரத்தைப் பின் அச்சில் ஏற்றும்.

ஆறு பேர் படுக்கலாம் என்றால் ஆறு பேர் போகலாம் என்று அர்த்தமில்லை. சீட்பெல்ட்டை எண்ணுங்கள். பக்கவாட்டு இருக்கையில் யாரையும் உட்கார வைத்து ஓட்டாதீர்கள், மோதலில் அது உடலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

அடியும் எஞ்சினும்

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு கணம் புகை வரலாம். நீலப் புகையோ வெள்ளைப் புகையோ நிற்காமல் வந்தால் வேண்டாம்.

டைமிங் பெல்ட்டுக்கு ரசீது கேளுங்கள். 'மாற்றியாகிவிட்டது' என்ற வாய்ச்சொல் ரசீது ஆகாது. மோட்டார்ஹோம்கள் வருடத்துக்கு மூவாயிரம் மைல்கூட ஓடுவதில்லை, அதனால் பெல்ட் மைலில் தேய்வதைவிட வருடத்தில் கெடும். டுகாட்டோவில் ஐந்து வருடத்துக்கு மேல் போயிருந்தால் விலையில் குறைத்து, வாங்கியதும் மாற்றிவிடுங்கள். அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போகும். சக்கர ரப்பரும் இதே கதைதான், டயர் பள்ளத்தின் ஆழம் புதுசு போல இருக்கும், ரப்பர் கெட்டிருக்கும். டயர் பக்கவாட்டில் 'DOT' என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 3215 என்றால் 2015-இன் 32-ஆவது வாரம். ஏழு வருடம் தாண்டியதை மாற்றும் கணக்கில் வையுங்கள், பத்து வருடம் ஆனதை நம்பி நெடுஞ்சாலை ஏறாதீர்கள். உதிரிச் சக்கரத்தையும் பாருங்கள்.

டுகாட்டோவில் தலைமுறைக்கு ஒரு நோய் உண்டு. 1994 முதல் 2006 வரை வந்ததில் ஐந்தாம் கியர் சேதமாகும். மணிக்கு 55 மைலில் ஐந்தில் வைத்து, காலை எடுத்து, மறுபடி மிதித்துப் பாருங்கள். உறுமலோ, கியர் வெளியே குதிப்பதோ இருக்கக் கூடாது. முன் சஸ்பென்ஷன் மேல்முனை பொருந்தும் இடத்தில் துருவும் பிடிக்கும். 2006-க்குப் பிறகு வந்த எக்ஸ்250-இல் கண்ணாடிக்குக் கீழிருக்கும் பிளாஸ்டிக் தட்டிலிருந்து மழைநீர் எஞ்சின் மேல் சொட்டி, இன்ஜெக்டர்களைத் துருப்பிடிக்க வைக்கும். டார்ச் அடித்தால் துருக்கோடு தெரியும். அந்தத் தலைமுறையின் ஆரம்ப வண்டிகள் பின்னால் ஏற்றம் ஏறும்போது கிடுகிடுவென நடுங்கும். எஞ்சின் சூடான பிறகு ஒரு சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பின்பக்கம் ஆல்-கோ நிறுவனத்தின் சேஸிஸ் என்றால், அச்சுக் குழாயில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆண்டுதோறும் கிரீஸ் அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் உள்ளிருக்கும் முறுக்குத் தண்டு துருவோடு இறுகி, அச்சையே மாற்ற வேண்டி வரும். பல கராஜ்கள் அந்த நிப்பிள் இருப்பதையே கவனிப்பதில்லை.

வீட்டுச் சாமான்கள்

கேஸ் திறந்து எல்லா அடுப்பையும் பற்ற வையுங்கள். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டினால் காற்று சரியாகப் போகவில்லை, கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் அறையின் தரைத் துவாரம் திறந்திருக்கிறதா என்பதும் முக்கியம். கேஸ் காற்றைவிடக் கனமானது, ஒழுகினால் கீழே இறங்கி வெளியேற வழி வேண்டும். குளிர் வருகிறது என்று யாராவது அதில் துணி திணித்திருந்தால் அந்த ஆளின் மற்ற வேலைகளையும் சந்தேகியுங்கள். ரப்பர்க் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடம் தாண்டினால் மாற்ற வேண்டும். 2003-க்குப் பிந்தைய வண்டிகளில் ரெகுலேட்டர் 30 மில்லிபாரில் சுவரில் நிலையாக இருக்கும். அதற்கு முந்தையவற்றில் சிலிண்டர் தலையில் மாட்டும், பியூட்டேனுக்கு 28, புரொபேனுக்கு 37. கலந்து மாட்டக் கூடாது. குளிர்காலத்தில் போவதென்றால் புரொபேன்தான், பியூட்டேன் உறைநிலைக்குக் கீழ் ஆவியாகாது.

ஃப்ரிட்ஜ் முந்தின இரவிலிருந்து ஓடியிருந்தால் உள்ளே நன்றாகச் சில்லிட்டிருக்கும். கேஸுக்கு மாற்றி, அதிலும் பற்றுகிறதா பாருங்கள். 12 வோல்ட் எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்வது இயல்பு. பின்னால் அம்மோனியா நாற்றம் அடித்தால் குளிரூட்டும் பகுதி முடிந்தது.

தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடுங்கள். பம்பு நிற்க வேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டுர்' என்று தானாக ஓடினால், எங்கோ கசிகிறது. ஹீட்டரை ஏற்றி வெந்நீர் வரும்வரை காத்திருங்கள், அரை மணி நேரம் போனாலும் போகட்டும். குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்ட வண்டியில் உறைந்து வெடிக்கும் பாகம் அதுதான், விலையும் அதிகம். குளியல் தட்டில் முடி போன்ற கீறலைத் தேடுங்கள். அது தரைக்குள் தண்ணீர் இறக்கும் வாசல்.

வீட்டு பேட்டரியை மின்சாரத்திலிருந்து பிரித்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி. விளக்கும் பம்பும் அரை மணி ஓடியதும் சரசரவென இறங்கினால் புது பேட்டரி கணக்கில் சேருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

வி5சி லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்று) இருக்கும் முகவரியிலேயே வண்டியைப் பாருங்கள், வழியில் ஒரு பார்க்கிங்கில் சந்திக்காதீர்கள். அடையாள எண் லாக்புக்கிலும், தகட்டிலும், கண்ணாடிக்குக் கீழும் ஒன்றாக இருக்க வேண்டும். கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் சேதமாகிக் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட வண்டியா என்று கட்டணச் சோதனை ஒன்று செய்யுங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு அப்படிக் கைவிட்டுத் திரும்ப ஓட்டத் தக்கவை எஸ் (சட்டகம் சேதம்) அல்லது என் (சட்டகம் சேதமில்லை) வகை, அதற்கு முன் சி, டி. உடல் வகை 'மோட்டார் கேரவன்' என்று இருக்கிறதா என்பதும் காப்பீட்டுக்கு முக்கியம். சாலைவரி 2014 அக்டோபர் முதல் வண்டியோடு கைமாறுவதில்லை, நீங்கள் புதிதாகக் கட்டிய பிறகுதான் ஓட்டலாம். காப்பீட்டாளர் இரவில் எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்பார், வீட்டு முன்றிலை டேப் வைத்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.

பேரத்தில் பெல்ட், டயர், பேட்டரி, கேஸ் குழாய் இவையெல்லாம் பணத்தால் தீரும். ஒரே இடத்தில் 19 சதவீதம், சுவர் இன்னும் கடினம் என்றால் அதுவும் சேர்ப்பு அடைப்பதோடு தீரலாம். மென்மையான சுவரும் உயர்ந்த அளவும் ஒரே இடத்தில் சந்தித்தால், அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்கியதும் முதல் வேலையாக ஈர அளவுகளைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, உடை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த அக்டோபரில் அதே மீட்டரால், அதே இடங்களில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.